கணிப்பொறிக்குள் ஒரு கையேடு

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை ஆகிய ஊர்களைக் கடந்தால் பாறசாலை வரும். அதற்கும் அப்பால் இஞ்சிவிளை. அதை அடுத்துக் களியக்காவிளை. அங்கே கடைகளின் பெயர்ப்பலகைகள் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறிவிடுகின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுக்காக்கள் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. எல்லைக் கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி உறவைப் பிரிக்கவில்லை. பெண் கொடுத்ததும் கொண்டதும் இருபுறமும் உண்டு. ஆகவே வீட்டில் தமிழும், பள்ளியில் மலையாளமும், உத்தியோகத்துக்கு ஆங்கிலமுமாக வளர்ந்தவர்கள் அப்பகுதியில் பலர். நானும் அவர்களுள் ஒருவன்.

இன்று நான் டில்லியில் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். ஆங்கிலத்தில் வரும் விதிகளையும் அறிக்கைகளையும் தமிழாக்குவது என் தொழில். கலைப் பட்டதாரியாகிய நான் கணிப்பொறியைப் பற்றிப் பேச முன்வந்தது எப்படி என்று நேயர்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் ஒரு மழைக்காலத்து நிகழ்ச்சி.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். பாறசாலைக்கு உள்ளே, இரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே உள்ள எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று நாளாக ஓயாத மழை. மரக்கிளை முறிந்து விழுந்து கம்பி அறுந்ததால் இணையத் தொடர்பு நின்றுபோயிருந்தது. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகன் மடிக்கணிப்பொறியை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தான். தன் பயிற்சி வேலைகள் அனைத்தும் அடங்கிய கோப்புறையைப் பென் டிரைவில் நகல் எடுத்து மறுநாள் ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். அதையும் சுட்டியால் இழுத்துப் போடாமல், கட்டளையைத் தட்டச்சுச் செய்தே முடிக்க வேண்டும் என்பது ஆசிரியர் இட்ட நிபந்தனை. அவன் 'சி-பி' என்னும் நகல் கட்டளையைக் கொடுத்தான். 'ஆர் என்று குறிப்பிடவில்லை. ஆகவே கோப்புறையை விட்டுவிடுகிறேன்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டுக் கணிப்பொறி வாளாவிருந்தது.

"நெட் வந்தால்தான் மாமா தேடிப் பார்க்க முடியும்," என்றான்.

"தேட வேண்டியது உன் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதே!" என்றேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, கணிப்பொறி பற்றிய குறிப்பொன்றைத் தமிழாக்கும் பணி எனக்கு வந்தபோது அலுவலக நண்பர் ஒருவர் கற்றுத்தந்த வித்தை அது. அவனை எம், ஏ, என் என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களையும், ஓர் இடைவெளி விட்டு சி, பி என்னும் எழுத்துக்களையும் அடிக்கச் சொன்னேன். திரை முழுவதும் சி-பி கட்டளையைப் பற்றிய விளக்கம் வந்து நின்றது. அவன் அதை வியப்போடு பார்த்தான். பல நாளாக வைத்துப் புழங்கும் பெட்டிக்குள் இப்படி ஒரு புத்தகம் இருப்பதை அவனுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

அந்த மூன்றெழுத்துக் கட்டளையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். கையேடு என்று பொருள்படும் 'மேனுவல்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துக்களே அதன் பெயர். 'மேன்' என்று ஒலிப்பார்கள்.

என் மருமகனுடைய கணிப்பொறியில் இருந்தது கேரளப் பள்ளிகளில் வழங்கும் லினக்ஸ் அமைப்பு. கேரள அரசாங்கம் 2001-ஆம் ஆண்டில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற பெயரில் பள்ளிகளுக்கான கணிப்பொறித் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. 2017-இல் அது 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. அதே 2001-ஆம் ஆண்டு சூலைத் திங்களில்தான், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தோற்றுவித்த ரிச்சர்டு ஸ்டால்மன், அவ்வியக்கத்தின் இந்தியக் கிளையைத் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தார். எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம், நகல் எடுக்கலாம், திருத்தலாம் என்னும் கொள்கையுடைய மென்பொருளே அப்பள்ளிகளில் நிலைபெற்றது. கைட் வழங்கும் அமைப்பு உபுண்டு என்பதை அடிப்படையாகக் கொண்டது; உபுண்டுவோ டெபியன் என்பதிலிருந்து கிளைத்தது. இவ்வமைப்புக்களில் மென்பொருளை நிறுவும்போது அதன் விளக்கவுரையும் உடன் வந்து அமர்ந்துவிடுகிறது. மருந்துப் புட்டியோடு அதன் உபயோகக் குறிப்பும் பெட்டிக்குள் வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இம்முறை இன்று நேற்று வந்ததன்று. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்னும் இருவர் யூனிக்ஸ் என்ற இயக்க அமைப்பை உருவாக்கினர். அதன் கையேட்டின் முதற்பதிப்பு 1971-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் வெளிவந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கமோ சில பக்கங்களோ ஒதுக்கி, எல்லாப் பக்கங்களிலும் ஒரே வரிசையில் தலைப்புக்களை அமைத்தார்கள். முதலில் பெயர், பிறகு கட்டளையை எழுதும் முறை, பிறகு விளக்கம், இறுதிப் பகுதியில் 'குறைகள்' என்று ஒரு தலைப்பு. தாங்கள் செய்த பொருளில் இன்னின்ன குற்றம் உண்டு என்று செய்தவர்களே எழுதிவைத்தார்கள். சரக்கை விற்பவர் எவரும் எளிதில் செய்யாத காரியம் இது. அந்த வழக்கம் ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் தொடர்கிறது.

கணிப்பொறியில் இப்பக்கங்கள் எங்கே இருக்கின்றன? 'யு-எஸ்-ஆர்' என்னும் கோப்புறைக்குள் 'ஷேர்' என்னும் கோப்புறை. அதற்குள் 'மேன்' என்னும் கோப்புறை. அதனுள் எண்ணிட்ட அறைகள் இருக்கின்றன. முதல் அறையில் சாதாரணப் பயனர்க்குரிய கட்டளைகள், இரண்டாம், மூன்றாம் அறைகளில் நிரல் எழுதுவோர்க்கு உரியவை, நான்காவதில் கருவிகளைக் குறிக்கும் சிறப்புக் கோப்புகள், ஐந்தாவதில் கோப்புகளின் அமைப்பு, ஆறாவதில் விளையாட்டுக்கள், ஏழாவதில் பல்பொருள், எட்டாவதில் நிருவாகிகளுக்கு உரியவை. இடம் மிச்சப்படுவதற்காகப் பக்கங்கள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும்.

இவ்வெண்கள் எதற்கு என்று தோன்றலாம். தமிழில் 'ஆறு' என்றால் எண்ணும் ஆகும், நதியும் ஆகும், வழியும் ஆகும். அகராதியில் அவற்றை எண்ணிட்டுப் பிரிக்கிறோம் அல்லவா? அவ்வாறே 'பாஸ்வேர்டு' என்பதைச் சுருக்கி எழுதும் ஒரே பெயரில், கடவுச்சொல்லை மாற்றும் கட்டளை முதல் அறையிலும், பயனர் கணக்குகளைப் பட்டியலிடும் கோப்பின் விளக்கம் ஐந்தாம் அறையிலும் இருக்கின்றன. வெறுமனே கேட்டால் முதல் அறையில் உள்ளது வரும். மேன் என்பதற்கும் பெயருக்கும் இடையே 5 என்று குறித்தால் ஐந்தாம் அறையில் உள்ளது வரும்.

நாம் கட்டளையைக் கொடுத்ததும் மூன்று வேலைகள் நிகழ்கின்றன. மேன் என்பது அறைகளில் தேடிப் பக்கத்தைக் கண்டெடுத்து, சுருக்கத்தை விரிக்கிறது. 'கிராஃப்' என்னும் மற்றொரு கருவி அதை வரிகளாகவும் பத்திகளாகவும் ஒழுங்குபடுத்துகிறது. 'லெஸ்' என்னும் மூன்றாவது கருவி திரை திரையாக நமக்குக் காட்டுகிறது. ஆகவே பக்கத்துக்குள் உலவும் முறையாவும் லெஸ் கருவிக்கு உரியவை. இடைவெளிக் கட்டையை அழுத்தினால் அடுத்த திரை. பி என்னும் எழுத்தை அழுத்தினால் முந்தைய திரை. சாய்கோடு இட்டு ஒரு சொல்லை எழுதினால் அச்சொல் வரும் இடத்துக்குச் செல்லும். என் என்னும் எழுத்து அது அடுத்து வரும் இடத்தைக் காட்டும். கியூ என்னும் எழுத்தை அழுத்தினால் கையேடு மூடிக்கொள்ளும். வெளியே வரும் வழி தெரியாமல் கணிப்பொறியையே அணைத்தவர்கள் உண்டு. தொடக்கத்தில் நானும் அவ்வாறு செய்தவனே.

படிக்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கட்டளையை எழுதும் முறையைக் காட்டும் வரியில் சதுர அடைப்புக்குள் இருப்பது வேண்டுமானால் சேர்க்கத் தக்கது. அடைப்பின்றி இருப்பது கட்டாயமானது. மூன்று புள்ளிகள் இருந்தால், அதற்கு முன்னுள்ளதைப் பலமுறை எழுதலாம் என்று பொருள். இந்த மூன்றையும் நினைவில் கொண்டால் பக்கத்தில் பாதி விளங்கிவிடும்.

பெயர் தெரிந்தால் பக்கத்தை எடுக்கலாம். பெயரே தெரியாவிட்டால் என் செய்வது? அதற்கும் வழி உண்டு. மேன் என்று எழுதி, இடைவெளி விட்டு, சிறுகோடும் கே என்னும் எழுத்தும் இட்டு, நாம் செய்ய விரும்பும் காரியத்தை ஓர் ஆங்கிலச் சொல்லால் குறிக்க வேண்டும். எல்லாப் பக்கங்களின் பெயரையும் ஒருவரி விளக்கத்தையும் அது துழாவிப் பொருத்தமானவற்றைப் பட்டியலிடும். 'அப்ரோப்போஸ்' என்னும் கட்டளையும் இதே வேலையைச் செய்யும். இரண்டு சொற்களைக் கொடுத்தால் அவற்றுள் ஏதேனும் ஒன்று இருக்கும் பக்கங்களெல்லாம் வரும். இரண்டும் சேர்ந்திருப்பவை மட்டும் வேண்டுமாயின், அப்ரோப்போஸ் என்பதை அடுத்துச் சிறுகோடும் ஏ என்னும் எழுத்தும் இட வேண்டும். ஒரு பெயருக்கு ஒருவரி விளக்கம் மட்டும் போதுமென்றால் 'வாட்இஸ்' என்னும் கட்டளை இருக்கிறது.

கையேட்டுப் பக்கத்தில் அடங்காத குறிப்புக்களும் உண்டு. அதே ஷேர் கோப்புறைக்குள் 'டாக்' என்று ஒரு கோப்புறை. நிறுவிய ஒவ்வொரு மென்பொருள் தொகுதிக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. அதன் உரிமை விவரம், மாற்றங்களின் வரலாறு, சிலவற்றில் முன்னுரையும் எடுத்துக்காட்டுகளும் அங்கே கிடைக்கும். மேன் கட்டளையைப் பற்றியே அறிய வேண்டுமானால் 'மேன் மேன்' என்று கேட்டால் போதும். கையேடு தன்னைப் பற்றியும் கூறிக்கொள்ளும்.

இனி, மழை பெய்த அந்த மாலைக்குத் திரும்புவோம். சி-பி பக்கத்தில், கணிப்பொறி கேட்ட 'ஆர்' என்பதைத் தேடினோம். கிடைத்தது. கோப்புறைகளை 'ரிகர்சிவ்லி' நகல் எடுக்கும் என்று மூன்றே சொற்களில் விளக்கம் இருந்தது.

"அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், மாமா?" என்று கேட்டான்.

இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் விழித்தேன். 'மீள்வரு முறையில்' என்றேன். அவன் முகத்தில் தெளிவு பிறக்கவில்லை. 'சுழல்முறையில்' என்றேன்; எனக்கே நகை உண்டாயிற்று. இறுதியில் சொற்களை விட்டுவிட்டுப் பொருளைச் சொன்னேன்: "பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி இருந்தால், ஒவ்வொன்றாகத் திறந்து கடைசிப் பெட்டி வரையில் உள்ளதெல்லாம் எடுத்துக்கொள்ளும்." "அப்படியானால் உள்ளே இருப்பது அத்தனையோடும் என்று எழுதியிருக்கலாமே!" என்றான் அவன். சிறுகோட்டையும் ஆர் என்னும் எழுத்தையும் சேர்த்துக் கட்டளையைக் கொடுத்தான். கோப்புறை முழுவதும் நகலாயிற்று.

அவன் தூங்கச் சென்ற பிறகு நான் நெடுநேரம் விழித்திருந்தேன். அவனுடைய கணிப்பொறியில் தமிழ் எழுத்துக்கள் இருக்கின்றன. பட்டியல்களையும் பொத்தான்களையும் தமிழில் காட்டும் ஏற்பாட்டைத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக உழைத்து உண்டாக்கியிருக்கிறார்கள். ஆயின் நகல் எடுப்பது எப்படி என்று கேட்டால் மட்டும் பதில் ஆங்கிலத்திலேயே வருகிறது. ஏன்?

குறை கருவியினுடையதன்று. மேன் கட்டளை, பயனர் தமக்கென்று தேர்ந்துகொண்ட மொழி எது என்பதை முதலில் பார்க்கிறது. அம்மொழிக்கென்று தனி அறை இருந்தால் அங்கே சென்று தேடுகிறது. அங்கே இல்லையாயின்தான் ஆங்கில அறைக்குத் திரும்புகிறது. ஜெர்மன், பிரெஞ்சு, போலிஷ், ருமேனிய மொழிகளுக்கும் வேறு பல மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் கூடி அவ்வறைகளை நிரப்பி வருகிறார்கள். டெபியனில் அவை தனித்தனித் தொகுதிகளாகக் கிடைக்கின்றன. அப்பட்டியலில் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. தமிழ் அறைக்கு வேண்டிய இடம் ஒதுக்கப்பட்டே இருக்கிறது, ஏடுகள்தாம் இல்லை.

எல்லையோரத்தில் பிறந்த எனக்கு இது ஒரு பழைய செய்தியை நினைவூட்டிற்று. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு கூறுகிறது. 1956-இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசாங்கத்துக்குத் தங்கள் மொழியில் எழுதவும், அம்மொழியிலேயே பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. சட்டம் கதவைத் திறந்து வைக்கும். தமிழில் மனு எழுதுவோரும், தமிழில் பதில் எழுத வல்லவரும் இருந்தால்தான் அக்கதவுக்குப் பயன். கணிப்பொறியின் நிலையும் அதுவே.

இது எளிதான பணி என்று சொல்லமாட்டேன். கட்டளைத் திரையில் எழுத்துக்கள் ஒரே அளவான கட்டங்களில் அமைகின்றன. ஆங்கில எழுத்துக்கள் அவற்றில் ஒழுங்காக நிற்கும். நம் மொழியில் 'ர' போன்ற ஒல்லியான எழுத்தும் 'ணௌ' போன்ற அகன்ற எழுத்தும் உண்டு. சில திரைகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. இவற்றைத் திருத்துவது பொறியாளர் கடமை. சொற்களைத் திருத்தமாக அமைப்பது நம் கடமை. அதில் கவனம் பெரிதும் வேண்டும். அழிக்கும் கட்டளையாகிய 'ஆர்-எம்', குப்பைத்தொட்டியில் போட்டு வைக்காது, நேரே அழித்துவிடும். அந்தப் பக்கத்தில் 'கேட்டபின் அழிக்கும்' என்பதை மொழிபெயர்ப்பாளர் 'கேளாமல் அழிக்கும்' என்று மாற்றிவிட்டால், எங்கோ ஒரு மாணவனின் ஓராண்டு உழைப்பு ஒரு நொடியில் மறைந்துவிடும். அரசாங்க விதியில் நேரும் பிழையைத் திருத்தாணையால் சரிசெய்யலாம். இங்கே அதற்கு இடமில்லை.

பணி செய்யும் முறை மட்டும் எளியது. 'பி-ஓ' என்னும் வகைக் கோப்பில் மூல வாக்கியம் மேலும், மொழிபெயர்ப்புக்குரிய வெற்றிடம் கீழுமாக வரிசையாக இருக்கும். ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டுவதில்லை. நூற்றுக்கு 80 பங்கு நிறைந்தால் அப்பக்கம் வெளியிடத் தக்கதாகக் கொள்ளப்படுவது வழக்கம். எஞ்சிய வாக்கியங்கள் ஆங்கிலத்திலேயே நிற்கும். கூட்டு முயற்சிக்குக் காத்திராமல் தனியொருவராகவும் தொடங்கலாம். ஒரு பக்கத்தைத் தமிழாக்கி, தம் கணிப்பொறியின் உள்ளூர்க் கையேட்டு இருப்பில் டி, ஏ என்று பெயரிட்ட தமிழ் அறைக்குள், முதல் எண் அறையில் வைத்தால் போதும். தமிழைத் தேர்ந்துகொண்ட பயனர் கேட்கும்போது அப்பக்கமே முந்திக்கொண்டு வரும். இதற்கு எவருடைய அனுமதியும் வேண்டா.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இப்பணியில் தனித் தகுதி உண்டு என்று கருதுகிறேன். அலுவலகத்தில் ஒரு மொழி, அங்காடியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று நாள்தோறும் பெயர்த்துப் பேசியே பழகியவர்கள் நாம். கேட்பவருக்கு விளங்காவிட்டால் அடுத்த சொல்லைத் தேடுவது நமக்கு இயல்பு. கலைச்சொல் நயமாக இருக்கிறதா என்பதைவிட, அச்சொல்லைப் படித்தவர் கை அடுத்த கட்டளையைத் தவறின்றி அடிக்கிறதா என்பதே இங்கு உரைகல்.

டில்லிக்குத் திரும்பியதும் சி-பி பக்கத்தைத் தமிழாக்கத் தொடங்கினேன். ஞாயிறு மாலைகளில் சில வாக்கியங்கள் முடிகின்றன. முடிந்தவற்றைத் தொலைபேசியில் என் மருமகனுக்குப் படித்துக் காட்டுகிறேன். 'ஆர்' என்னும் இடத்தில், 'கோப்புறையை அதன் உள்ளே இருப்பவை அத்தனையோடும் நகல் எடுக்கும்' என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அவன் ஒப்புக்கொண்டுவிட்டான். சென்ற வாரம் படித்த வேறொரு வரியைக் கேட்டுவிட்டு, "இது எனக்கு விளங்கவில்லை மாமா, மறுபடியும் எழுதுங்கள்," என்றான். எழுதிக்கொண்டிருக்கிறேன்.